100 பெண்ணுக்கு 33 ஆண்: மந்தையை விட்டுப் போகும் காளைக் கன்றுகளின் கணக்கு

2012ஆம் ஆண்டின் 19ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் இருந்த மாடுகள் 19.09 கோடி. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கணக்கெடுப்பில் அது 19.25 கோடி. ஏழு ஆண்டுகளில் உயர்வு 0.16 கோடி, அதாவது 0.8 சதவீதம். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் மாறவில்லை என்றே தோன்றும். ஆண், பெண் எனப் பிரித்தால் படம் வேறு. பெண் மாடுகள் 12.30 கோடியிலிருந்து 14.51 கோடியாக, 18 சதவீதம் கூடின. ஆண் மாடுகள் 6.79 கோடியிலிருந்து 4.74 கோடியாக, 30 சதவீதம் குறைந்தன. 2.21 கோடி வரவு, 2.05 கோடி பற்று. இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன.

இதை விகிதமாக்கினால், 2012இல் 100 பெண் மாடுகளுக்கு 55 ஆண் மாடுகள் இருந்தன. 2019இல் 33. கன்று பிறக்கும்போது ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதி. எனவே இந்த இடைவெளி பிறப்பில் உண்டாவதில்லை. பிறந்த பிறகு, தாயை விட்டுப் பிரியும் கட்டத்தில் உண்டாகிறது.

எருமையில் சரிவு இன்னும் கூர்மையானது. மொத்த எருமைகள் 10.87 கோடியிலிருந்து 10.99 கோடியாக 1.1 சதவீதம் உயர்ந்தன. ஆண் எருமைகளோ 1.61 கோடியிலிருந்து 0.93 கோடியாக 42 சதவீதம் குறைந்தன. 100 பெண் எருமைக்கு 2012இல் 17 கிடா, 2019இல் 9.

மந்தையாக வாழும் பாலூட்டிகளில் இளம் ஆண் பிறந்த கூட்டத்தை விட்டுப் போவது இயல்பு. மானிலும் யானையிலும் அது நடக்கிறது. காரைக்கால் மாவட்டத்து நெடுங்காட்டு மாட்டுக் கொட்டகையிலும் நடக்கிறது. எந்த வயதில் போகிறது, யார் செலவில் வளர்கிறது, திரும்ப வருகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் எண்கள்தான் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன.

காட்டில்: 18 மாதமும் 3 ஆண்டும்

காரைக்காலிலிருந்து தெற்கே சாலை வழியாக 80 கிலோமீட்டர் அளவில் கோடியக்கரை. 1967இல் 17.26 சதுர கிலோமீட்டர் பரப்பில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் முதன்மை விலங்கு வெளிமான். ஆறு மாதச் சினைக்குப் பின் பெட்டை பெரும்பாலும் ஒரே குட்டி போடும். ஆண் குட்டி சுமார் 18 மாதத்தில் இனப்பெருக்கத் தகுதி அடைகிறது. ஆனால் அதன் முதுகு கறுப்பதும் முறுக்குக் கொம்பு நிறைவடைவதும் 3 வயதை ஒட்டித்தான். தகுதிக்கும் வாய்ப்புக்கும் நடுவே 18 மாதம் கிடக்கிறது.

அந்த 18 மாதத்தை இளம் ஆண்கள் தனிக் கூட்டத்தில் கழிக்கின்றன. தாய்க்கூட்டத்தில் தொடர்ந்து நிற்க எல்லைக்காரக் கலைமான் விடாது. வெளிமானின் ஆயுள் 10 முதல் 15 ஆண்டு. அதில் ஒன்றரை ஆண்டு என்பது 10 முதல் 15 சதவீதம். வளர்ந்த ஆணின் சராசரி எடை 38 கிலோ, பெட்டையின் சராசரி 27 கிலோ. இந்த 11 கிலோ வேறுபாட்டைச் சேர்க்கவும் கொம்பை வளர்க்கவும் மோதிப் பழகவும் காத்திருப்புக் காலம் பயன்படுகிறது. செலவு முழுவதையும் புல்வெளி ஏற்கிறது.

காத்திருப்பு முடிந்ததும் ஆண் ஓர் எல்லையைப் பிடிக்க வேண்டும். அந்த எல்லையின் அளவு 1.2 முதல் 12 ஹெக்டேர். அதைக் காக்கும் காலம் 2 வாரம் முதல் 8 மாதம். கோடியக்கரையின் 1,726 ஹெக்டேரும் திறந்த புல்வெளி என்று வைத்து, ஒரு எல்லைக்கு 12 ஹெக்டேர் என வகுத்தால் 143 எல்லைகள் வரும். உண்மையில் அங்கே பெரும்பகுதி உலர் பசுமைக்காடு. வெளிமானுக்கு ஏற்ற புல்வெளி அதில் ஒரு பங்குதான். கிழக்கிலும் தெற்கிலும் கடல். வேறு திசையில் உப்பளமும் ஊரும். பிரியும் ஆணுக்குப் போக்கிடம் குறைவு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, கோடியக்கரை விலங்குகளின் உடல்கள் காரைக்கால் கடற்கரை வரை வந்து ஒதுங்கின. ஒரே இடத்தில் அடைபட்ட கூட்டம் ஒரே இரவில் எவ்வளவு இழக்கும் என்பதற்கு அது சான்று.

யானையில் எண்கள் பெரியவை, வரிசை அதுவே. ஆண் கன்று 10 முதல் 15 வயதுக்குள் தாய்க்கூட்டத்தை விட்டு விலகுகிறது. பெண்ணுக்காகப் பெரிய ஆண்களுடன் போட்டியிடும் வலு பெற அதன்பின் ஏறக்குறைய 10 ஆண்டு தேவைப்படுகிறது. இந்த இடைக்காலத்தில் ஆண்கள் என்ன செய்கின்றன என்பதைத் தென்னிந்தியாவில் 2016, 2017 ஆண்டுகளில் நடந்த ஓர் ஆய்வு படம்பிடித்தது. 1,445 படங்களிலிருந்து 248 ஆண் யானைகள் தனித்தனியே அடையாளம் காணப்பட்டன; முடிவுகள் 2019இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்தன. பயிர் நிலங்கள் சூழ்ந்த பகுதிகளில் இளம் ஆண்கள் தனித்துத் திரியாமல் நிலையான ஆண் கூட்டங்களாகச் சேர்கின்றன என்பது அதன் சாரம். இங்கேயும் காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு. அதில் ஒரு பகுதியை உழவர் பயிராகக் கொடுக்கிறார்.

கொட்டகையில்: 219 லிட்டர் பால்

கொட்டகையில் இந்த விலையை முழுவதுமாக ஒரு குடும்பம் தருகிறது. முதல் செலவு பால். கன்றுக்கு முதல் மாதம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரண்டாம் மாதம் பதினைந்தில் ஒரு பங்கு, மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்கு பால் தர வேண்டும் என்பது கால்நடைத் துறையினர் சொல்லும் பொதுக் கணக்கு. கலப்பினக் கன்றின் சராசரி எடை அந்த மூன்று மாதங்களில் முறையே 25, 36, 48 கிலோ என்று வைத்தால், நாளுக்கு 2.5, 2.4, 2.4 லிட்டர் ஆகிறது. 90 நாளுக்கு 219 லிட்டர்.

தமிழ்நாட்டில் ஆவின் 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக்கியது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. 35 ரூபாயில் 219 லிட்டருக்கு 7,665 ரூபாய். 38 ரூபாயில் 8,322 ரூபாய். கிடாரிக்கும் காளைக் கன்றுக்கும் இந்தத் தொகை ஒன்றுதான். கிடாரி மூன்று ஆண்டில் கறவையாகி அதைத் திருப்பித் தருகிறது. காளைக் கன்று தருவதில்லை. சீம்பாலுக்குப் பின் காளைக் கன்றின் பால் அளவு பல வீடுகளில் சுருங்குவதற்கு மனக்கடினம் காரணமல்ல. லிட்டருக்கு 35 ரூபாய் என்ற விலைதான் காரணம்.

இரண்டாவது செலவு வைக்கோல். கணக்குக்காக நெடுங்காட்டுப் பக்கம் 4 கறவை வைத்திருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஈற்றுக்கு ஈற்று 15 மாத இடைவெளி என்றால், ஒரு பசு 10 ஆண்டில் 8 கன்று ஈனும். 4 பசுவுக்கு 32 கன்று. அதில் 16 காளைக் கன்று. எல்லாவற்றையும் பால் மறந்த 3ஆம் மாதம் முதல் 36ஆம் மாதம் வரை, அதாவது 33 மாதம் வைத்திருந்தால், எந்த நாளில் எண்ணினாலும் கொட்டகையில் சராசரியாக 4.4 ஆண் இருக்கும். கறவை 4, பால் தராதவை 4.4.

இந்தக் கால அளவில் ஆணின் சராசரி எடை 150 கிலோ என்று குறைவாகவே வைப்போம். உலர் தீவனம் எடையில் 2.5 சதவீதம் என்றால் நாளுக்கு 3.75 கிலோ. 4.4 உருப்படிக்கு ஆண்டுக்கு 6.0 டன் உலர் தீவனம். வைக்கோலில் 10 சதவீதம் ஈரம் கழித்தால் 6.7 டன் வைக்கோல் வேண்டும். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்ற நல்ல மகசூலில் இது 3.3 ஏக்கர் நெல்வயலின் முழு வைக்கோல். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர், அதாவது 1.85 ஏக்கர். ஆண் உருப்படிகளுக்கு மட்டும் சராசரி உழவரின் நிலத்தைப்போல 1.8 மடங்கு நிலத்தின் வைக்கோல் தேவை. பசுக்களின் பங்கு இதில் சேரவில்லை.

ஒரு காளைக் கன்றுக்கான தனிக்கணக்கு இது. 33 மாதம் என்பது 1,004 நாள். நாளுக்கு 3.75 கிலோ வீதம் 3,765 கிலோ உலர் தீவனம். வைக்கோலாக 4,183 கிலோ. கிலோ 3 ரூபாய் என வைத்தால் 12,549 ரூபாய். பால் 7,665 ரூபாயைச் சேர்த்தால் 20,214 ரூபாய். பிண்ணாக்கு, தவிடு, மருந்து, ஆள் கூலி எதுவும் இதில் இல்லை. வைக்கோல் விலை கிலோவுக்கு 1 ரூபாய் ஏறினால் செலவு 4,183 ரூபாய் ஏறும். வாசகர் தம் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கலாம்.

உழவு போன பிறகு

முன்பு இந்தச் செலவுக்கு எதிரே ஒரு வரவு இருந்தது. 1971-72இல் இந்திய வேளாண்மை பயன்படுத்திய மொத்த ஆற்றலில் உழவு மாடுகளின் பங்கு 45 சதவீதம். 2012-13இல் அது சுமார் 5 சதவீதம். நாற்பது ஆண்டில் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கியது. 36 மாதம் தீனி தின்று வளர்ந்த எருது அடுத்த 8, 10 ஆண்டு உழைத்து அதைத் தீர்த்த காலம் அதோடு முடிந்தது.

டெல்டாவுக்கு இந்த எண் மிக நெருக்கமானது. உம்பளச்சேரி இனம் இந்த மண்ணின் மாடு. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்கள் அதன் தாயகம். சேற்று வயலில் உழைப்பதற்கென்றே தேர்ந்து வளர்த்த இனம். பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும் கன்று சுமார் 6 மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். நெற்றியில் வெண்சுட்டி, காலில் வெள்ளை. இரண்டு பல் போடும் இரண்டு, இரண்டரை வயதுக்குப் பிறகு காயடித்து, மூன்று வயதை ஒட்டி நுகத்தில் பூட்டினார்கள். இந்த இனத்துப் பசுவின் பால் ஒரு ஈற்றுக்குச் சராசரி 494 கிலோ. நாட்டில் கலப்பினப் பசுவின் சராசரி நாளுக்குச் சுமார் 8.5 கிலோ, அந்த அளவில் 494 கிலோ என்பது 58 நாள் பால். உம்பளச்சேரியின் மதிப்பு பெண்ணிடம் இல்லை, ஆணிடம் இருந்தது. ஆணுக்கு வேலை போனதும் இனத்துக்கே ஆதாரம் போயிற்று.

இதே ஆண்டுகளில் பால் உற்பத்தி எதிர்த்திசையில் ஏறியது. 2012-13இல் 13.2 கோடி டன்; 2018-19இல் 18.8 கோடி டன். 42 சதவீத உயர்வு. ஆண் மாடுகள் 30 சதவீதம் குறைந்ததும் பால் 42 சதவீதம் கூடியதும் ஒரே காலத்தில் நடந்தவை. ஒன்று மற்றொன்றுக்கு முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தீவனம் ஆணிடமிருந்து பெண்ணுக்கு மாறியது என்ற அளவுக்கு இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம்.

ஆட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். தமிழ்நாட்டில் வெள்ளாடுகள் 2012இல் 81.43 லட்சம், 2019இல் 98.89 லட்சம். 21 சதவீத உயர்வு. மாடுகள் 88.14 லட்சத்திலிருந்து 95.19 லட்சமாக 8 சதவீதம் கூடின. எருமைகள் 7.80 லட்சத்திலிருந்து 5.19 லட்சமாக 33 சதவீதம் குறைந்தன. வெள்ளாட்டுக் கிடாவும் பிறந்த மந்தையில் நிலைப்பதில்லை. 6 முதல் 8 மாதத்தில் பருவம் அடைந்து, பெரும்பாலும் ஓராண்டை ஒட்டிச் சந்தைக்குப் போகிறது. ஆனால் அதற்கு விலை இருக்கிறது. எனவே ஆண் குட்டி பிறப்பதை எந்த ஆட்டுக்காரரும் இழப்பாக எழுதுவதில்லை.

மாட்டில் விலை சட்டத்தாலும் வரையறுக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி மாட்டை அறுக்கச் சான்று பெற, அது 10 வயது கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாததாகவோ, நிரந்தரமாகச் செயலிழந்ததாகவோ இருக்க வேண்டும். புதுச்சேரியின் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் காளைக்கும் எருதுக்கும் அந்த வயது வரம்பு 15. நெடுங்காடு புதுச்சேரி ஆட்சிப்பகுதி. சில கிலோமீட்டரில் தமிழ்நாடு. எல்லைக்கு இருபுறமும் ஒரே மண், ஒரே வைக்கோல், ஒரே கன்று. வரம்பு மட்டும் 5 ஆண்டு வேறு. கைவிடப்படும் கன்றின் வயதோ இரண்டு சட்டங்களின் வரம்புக்கும் மிகக் கீழே, மாதங்களில் எண்ணப்படுவது.

பிறப்பிலேயே திருத்தம்: 50இலிருந்து 10

அரசு எடுத்திருக்கும் வழி, ஆண் கன்று பிறப்பதையே குறைப்பது. பாலினம் பிரித்த சினை ஊசி போட்டால் 90 சதவீதம் பெண் கன்று பிறக்கும் என்பது ராஷ்ட்ரிய கோகுல் திட்டத்தின் அளவுகோல். 100 கன்றில் 50 ஆண் என்பது 10 ஆகும். முன் சொன்ன 4 கறவை வீட்டில் 10 ஆண்டுக்கு 16 ஆண் என்பது 3 ஆகக் குறையும். ஒரு கன்றுக்கு 20,214 ரூபாய் என்ற கணக்கில் 13 கன்றுக்கு 2.63 லட்சம் ரூபாய் மிச்சம். 2024 அக்டோபரில் அறிமுகமான உள்நாட்டுத் தொழில்நுட்பம் ஒரு டோஸின் விலையைச் சுமார் 200 ரூபாய் குறைக்கும் என்று அரசு அறிவித்தது. பாலுக்காக வளர்க்கும் கலப்பின மாட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்துகிறது. பிறந்து பட்டினி கிடப்பதைவிடப் பிறக்காதிருப்பது கன்றுக்கும் நல்லது.

உம்பளச்சேரிக்கு இதே கணக்கைப் போடக்கூடாது. ஓர் இனத்தின் மரபு வளத்தை அளக்க மரபியலில் ஒரு எளிய சூத்திரம் உண்டு: ஆண், பெண் எண்ணிக்கைகளைப் பெருக்கி, 4ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 100 பசுவும் 50 பொலிகாளையும் இருந்தால் விடை 133. 100 பசுவும் 5 காளையும் என்றால் 19. 100 பசுவும் 1 காளையும் என்றால் 4. கொட்டகையில் 101 உருப்படி நின்றாலும் மரபுக் கணக்கில் அவை 4 உருப்படிக்குச் சமம். உள்ளினக் கலப்பு ஒரு தலைமுறைக்கு 12.6 சதவீதம் கூடும். அதை 1 சதவீதத்துக்குள் வைக்க விடை 50க்குக் குறையக்கூடாது. 100 பசுவுக்கு 50க்குக் குறையாத விடையைத் தர 15 காளை வேண்டும்.

காட்டிலும் இதே சூத்திரம்தான். 1980களின் இறுதியில் தந்தத்துக்காக ஆண் யானைகள் கொல்லப்பட்ட பெரியாறு காப்பகத்தில் வளர்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த விகிதம் 1:122 என்று பதிவாகியிருக்கிறது. ஓர் ஆணும் 122 பெண்ணும் கொண்ட கூட்டத்துக்குச் சூத்திரத்தின் விடை 4ஐத் தாண்டாது. இளம் ஆண் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போவதன் பயன் இங்கே எண்ணாகத் தெரிகிறது. அது போகிறது, வேறிடத்தில் தகப்பனாகிறது, இரத்தம் கலக்கிறது. கொட்டகைக் காளைக் கன்று போகிறது, அதோடு சரி.

சினை ஊசி வந்த பின் காளை ஊரில் நிற்க வேண்டியதில்லை என்பது உண்மை. ஒரு உறைவிந்துக் குச்சியின் அளவு 0.25 மில்லிலிட்டர், மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் பல ஆண்டு கெடாது. ஒரு காளையிடமிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான குச்சிகள் எடுக்கலாம். ஆனால் சூத்திரம் எண்ணுவது குச்சிகளை அல்ல, காளைகளை. 10,000 குச்சியும் ஒரே காளையினது என்றால் கணக்கில் அது 1. உம்பளச்சேரிக்காகத் திருவாரூர் மாவட்டம் கொருக்கையில் 1968இல் அரசுப் பண்ணை தொடங்கப்பட்டது. அத்தகைய பண்ணையின் பயனை அளக்கும் முதல் எண், அங்கே உள்ள மொத்த மாடுகள் அல்ல. ஒன்றுக்கொன்று உறவில்லாத பொலிகாளைகள் எத்தனை என்பதே.

இந்தக் கணக்கிலிருந்து மூன்று முடிவுகள் வருகின்றன. கலப்பினத்தில் பாலினம் பிரித்த ஊசி ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் குறைந்த விலையில் கிடைக்க வேண்டும்; அதனால் பிறக்காமல் போகும் ஒவ்வொரு காளைக் கன்றுக்கும் 20,000 ரூபாய் இழப்பு தடுக்கப்படுகிறது. உம்பளச்சேரியில் காளைக் கன்றை 36 மாதம் வரை காயடிக்காமல் வளர்ப்பவருக்கு அந்தச் செலவை, பால் 7,665 ரூபாயும் வைக்கோல் 12,549 ரூபாயும் என்று தலைப்பிட்டு, அரசு ஈடு செய்ய வேண்டும். 100 பசுவுக்கு 15 கன்று என்றால் ஒரு சுற்றுக்கு ஆகும் தொகை 3.03 லட்சம் ரூபாய்தான். மூன்றாவது, பதிவேடு. நெடுங்காட்டை அடுத்த செருமாவிலங்கையில் 1987 முதல் பண்டித ஜவகர்லால் நேரு வேளாண் கல்லூரி இயங்குகிறது. அதன் மாணவர்கள் சுற்றுக் கிராமங்களில் கொட்டகை கொட்டகையாகக் கன்றின் பாலினம், பிறந்த மாதம், வெளியேறிய மாதம், போன இடம் என நான்கு கட்டங்களை நிரப்பினால், தேசிய மொத்தத்தில் மறைந்து கிடக்கும் 2.05 கோடியின் உள்ளூர்ப் பங்கு தெரியவரும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பால் கணக்கு எழுதும் நோட்டில் காளைக் கன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிறந்த தேதியையும் கொட்டகையை விட்டுப் போன தேதியையும் எழுதுங்கள். அடுத்த கணக்கெடுப்பில் 100க்கு 33 என்பது எங்கே போய் நிற்கப்போகிறது என்பதை முதலில் அறியப்போவது அந்தப் பக்கம்தான்.